தெலுங்கு மட்டும் திரும்பவில்லை

எனக்குப் பக்கவாதம் வந்தபோது நான் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை எனக்கு. முகூர்த்த மாதங்களில் ஆந்திராவிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருகிற கல்யாணக் கூட்டத்தை என்னிடம்தான் அனுப்புவார்கள். "லலிதாம்மா, தெலுங்கு பார்ட்டி மேல வருது!" என்று கீழிருந்து குரல் வரும். நான் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வேன். தெலுங்கு எங்கள் வீட்டு மொழி. தமிழ் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் வந்தது. எது எப்போது வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டும் என்னிடம் இருந்தன, அவ்வளவுதான்.

அன்றைக்கு வந்தது நெல்லூர்ப் பக்கத்துக் கூட்டம். மணப்பெண்ணின் அம்மா கையில் ஒரு மாம்பழ நிறப் புடவை. ஜரிகை கறுக்குமா என்று கேட்டார். கறுக்காது, நான் பொறுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி வாக்கியத்தில் நாக்கு தடித்துவிட்டது. வார்த்தைக்குப் பதிலாக வேறு ஏதோ சத்தம் வந்தது. மணப்பெண்ணின் தங்கை சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். என் வலது கையிலிருந்து புடவை நழுவி மெத்தையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அதற்கப்புறம் கூரையில் இருந்த விளக்குகள்தான் ஞாபகம்.

கடைக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டு முதலில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னை போகும் வழியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு. பெரிய வளையம் போன்ற ஒரு இயந்திரத்துக்குள் தலையை நுழைத்துப் படம் எடுத்தார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் ஒரு வைத்தியம், குழாய் அடைத்திருந்தால் வேறு வைத்தியம். எது என்று பார்க்கத்தான் அந்த சிடி ஸ்கேன். எனக்கு அடைப்பு. மூளையின் இடப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஒரு கட்டி சிக்கியிருந்தது. அதைக் கரைக்கும் ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். போட்டார்கள். கொஞ்சம் பிந்திவிட்டது, ஆனாலும் போட்டார்கள். இதெல்லாம் என் கணவர் முருகேசன் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டது.

எனக்குத் தெரிந்தது வேறு. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் வாயை அசைத்தார்கள். சத்தம் வந்தது. அர்த்தம் வரவில்லை. ஒரு நர்ஸ் என் முகத்துக்கு நேரே குனிந்து திரும்பத் திரும்ப எதையோ கேட்டாள். கேள்வி என்று தெரிந்தது, என்ன கேள்வி என்று தெரியவில்லை. வாய்க்குள் ஏதோ இருந்தது, வெளியே வரவில்லை. பயந்துபோய் முருகேசனைப் பார்த்தேன். அவரும் வாயை அசைத்தார். அவர் பேசியதும் புரியவில்லை. அந்தப் பயத்தை எழுத என்னிடம் வார்த்தை கிடையாது. அப்போது என்னிடம் எந்த வார்த்தையுமே இல்லை.

இதற்கு அஃபேசியா என்று பெயர். பேச்சிழப்பு. தொண்டைக்கும் நாக்குக்கும் வரும் கோளாறு இல்லை. சொல்லைத் தேடி எடுக்கிற, கேட்டதைப் புரிந்துகொள்கிற மூளைப் பகுதி அடிபடுவது. புத்தி அப்படியே இருக்கும். உள்ளே நான் நானாகத்தான் இருந்தேன். அதுதான் கொடுமை.

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மத்தியானம் முருகேசன் தம்ளரை என் உதட்டில் வைத்தார். நான் குடித்துவிட்டு, "தண்ணி" என்றேன். கோணலாக வந்தது, ஆனால் வந்தது. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். தாமல் கிராமத்து மனுஷர், எதற்கும் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள், "அழுவாதபா, பேச்சு வந்துடுச்சில்ல, இனிமே எல்லாம் வந்துடும்" என்றார்.

வந்தது. சாப்பாடு, வலி, போர்வை, ஹரிணி. ஹரிணி எங்கள் மகள், கல்லூரியில் படிக்கிறாள். தப்புத் தப்பாகவும் வந்தது. சீப்பைச் சாவி என்றேன். வேண்டும் என்று சொல்ல நினைத்தால் வேண்டாம் என்று வரும். பேச்சுப் பயிற்சி தர பிரிசில்லா என்ற பெண் தினமும் வந்தாள். படங்களைக் காட்டிப் பெயர் கேட்பாள். நான் சரியாகச் சொன்னால், "சூப்பர்க்கா!" என்று குழந்தைக்குத் தட்டுவதுபோல் கை தட்டுவாள். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் அந்தக் கைதட்டலுக்காகக் காத்திருப்பேன். பெரிய டாக்டர் சுற்று வரும்போது, "வெரி குட், நல்ல ரெக்கவரி" என்று எழுதிவிட்டுப் போவார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும்தான்.

அந்தச் சமயத்தில் ஆரணியிலிருந்து பத்மாக்கா வீடியோ காலில் வந்தாள். என் பெரியம்மா மகள். நாங்கள் இருவரும் சேர்ந்து வளர்ந்தவர்கள். திரையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே நிறையப் பேசினாள். எனக்கு விட்டு விட்டுக் கேட்டது.

"அக்கா, சிக்னல் சரியில்லக்கா" என்றேன் மெதுவாக.

அவள் இன்னும் சத்தமாகப் பேசினாள். நான் போனை முருகேசனிடம் நீட்டினேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். என்னைப் பார்த்தார்.

"இன்னா லலிதா, நல்லா கேக்குதே. அவங்க தெலுங்குல பேசினுக்கிறாங்க."

மறுபடி வாங்கிக் காதில் வைத்தேன். பத்மாக்காவின் குரல் தெளிவாக இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்பதுபோல் இருந்தது. யார் குரல் என்று தெரியும், அழுகிறாளா கோபப்படுகிறாளா என்று தெரியும், என்ன சொல்கிறாள் என்பது மட்டும் தெரியாது. ஓடுகிற பேச்சில் "அம்மா" மட்டும் தெரிந்தது. நான் போனை அணைத்தேன்.

எங்கள் வீட்டில் அம்மா இருந்தாள் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் காஞ்சிபுரம் ஓரிக்கையில் இருந்தாள். நான் ஒரே மகள். அம்மாவுக்கு மறதி நோய். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், அப்புறம் எண்ணெய் வைத்த இடத்தை, அப்புறம் அப்பா இறந்துபோனதை. பிறகு அவளுடைய தமிழ் போயிற்று. ஐம்பது வருஷமாகக் கீரைக்காரியிடமும் ரேஷன் கடையிலும் பேசிய தமிழ். ஒருநாள் முருகேசன் காப்பி வேண்டுமா என்று கேட்டதற்கு அம்மா என்னைப் பார்த்து, இந்த ஆள் என்ன பாஷை பேசுகிறான் என்று தெலுங்கில் கேட்டாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பின்னால் கற்றுக்கொண்ட மொழி சிலருக்கு முன்னால் கழன்றுவிடும், குழந்தையில் கேட்டது கடைசிவரை நிற்கும் என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அம்மாவோடு பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஹரிணிக்கு நாலைந்து வார்த்தை தெரியும். முருகேசனுக்கு அதுவும் கிடையாது. எங்கள் தெருவிலும் தெலுங்கு வீடு இல்லை.

முகத்தை வைத்து அம்மா என்னை அடையாளம் காண்பது நின்று பல மாதமாகியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்ததும் அவள் கண் மாறும். பேச்சை வைத்துத்தான் நான் அவள் மகள்.

மறுநாள் பிரிசில்லாவிடம் சொன்னேன். "தெலுங்கு வரல."

"உங்களுக்குத் தெலுங்கு தெரியுமாக்கா?" என்று கேட்டாள். யாருமே அதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை. எங்கள் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவும் இல்லை. அவளுக்குத் தெலுங்கு தெரியாது. போனில் தெலுங்கு எண்களைத் தமிழ் எழுத்தில் போட்டு வைத்துக்கொண்டு, "ஒன்று ரெண்டு எண்ணுங்கக்கா, மனப்பாடமா இருக்கறது சீக்கிரம் வரும்" என்றாள்.

"ஒகட்டி" என்றேன். "ரெண்டு. மூடு. நாலுகு." நம்பிக்கை வந்துவிட்டது. "அஞ்சு, ஆறு, ஏழு..."

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. அவள் போனைத் திருப்பிக் காட்டிய பிறகுதான், எந்த இடத்தில் தமிழுக்குள் விழுந்தேன் என்று தெரிந்தது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தேன்.

பெரிய டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். உட்கார்ந்து பேசுகிற டாக்டரைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பயம்.

"ரெண்டு மொழி தெரிஞ்சவங்க மூளையில ரெண்டும் தனித்தனி ரூம்ல இருக்கறதில்லம்மா. பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் ரெண்டும் பயன்படுத்தும். நீங்க தமிழ் பேசும்போது தெலுங்கும் உள்ள முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கும். அது குறுக்க வராம மூளை அழுத்திப் பிடிச்சிக்கும். தெலுங்கு பேசும்போது தமிழைப் பிடிச்சிக்கும். நிறையப் பேருக்கு ரெண்டும் சேர்ந்தே திரும்பும். சிலருக்கு ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன. ரொம்பக் கொஞ்சம் பேருக்கு..."

"வராதா?" என்றார் முருகேசன்.

"அழிஞ்சிடுச்சின்னு சொல்ல முடியாது. பிடிச்ச பிடியை மூளை விடாம இருக்கலாம். எது எப்ப விடும்னு எங்களுக்கே தெரியாது. முதல்ல கத்துக்கிட்டதுதான் நிக்கும்னு விதியும் கிடையாது."

அழிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே இருக்கிறது, கிடைக்காது என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? தினமும் எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தெலுங்கு வார்த்தையைத் தேடுவேன். வாசல், கோலம், பசி. தமிழ்தான் முன்னால் வந்து நிற்கும், கேட்காமலே உதவிக்கு வருகிற உறவுக்காரிபோல. போ, தள்ளு என்பேன். அதையும் தமிழில்தான் சொல்வேன்.

எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுத்தார்கள். உள்ளே தடதடவென்று இயந்திரம் அடித்துக்கொண்டிருக்க, கண்டுபிடித்துவிடுவார்கள், இதோ இங்கே இருக்கிறது என்று படத்தில் காட்டுவார்கள் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அது எந்த மொழி என்று எழுதியிருக்கவில்லை.

காலைத் தரையில் ஊன்றி நடக்கக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் இல்லாத நாட்களில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று ஹரிணி சொல்லியிருந்தாள். அம்மா தாழ்வாரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோய், தலை வாராமல். என்னைப் பார்த்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று மரியாதையாகக் காலை மடித்துக்கொண்டாள்.

"அம்மா" என்றேன்.

இரண்டு மொழியிலும் அம்மா அம்மாதான். ஆனால் அவளை எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போட வருகிறவள், கேஸ் கொண்டுவருகிறவர், எல்லாரும். அவள் தலையசைத்தாள். ஏதோ கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்மா, லலிதா. எனக்கு உடம்பு சரியில்லாம போச்சும்மா" என்றேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "எவரம்மா நுவ்வு? நா கூத்துரு ஏதி?"

ஹரிணி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் மனசில்லாமல் சொன்னாள்.

"யாரும்மா நீன்னு கேக்குது ஆயா. என் பொண்ணு எங்கன்னு கேக்குது."

நாங்கள் முயன்று பார்த்தோம். ஹரிணி போனில் ஒரு செயலியைப் போட்டாள். நான் தமிழில் சொன்னால் அது தெலுங்கில் சொல்லும். நான், "சாப்பிடும்மா, ரசம் சாதம்" என்றேன். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் செய்தி வாசிப்பதுபோல் ஏதோ சொன்னாள். அம்மா பயந்துபோய்ப் போர்வையை இழுத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள், அந்தப் பெண் எங்கே என்று. அம்மா பேசுவதைப் போனுக்குப் புரியவைப்பது அதைவிட மோசம். எங்கள் வீட்டுத் தெலுங்கு, நூற்றாண்டுகளாகத் தமிழோடு புழங்கிய தெலுங்கு. அம்மா நீளமாக ஏதோ சொல்வாள். போன் யோசித்துவிட்டு, "நாளை சந்தை மாடு" என்று காட்டும்.

முருகேசன்தான் விடவில்லை. கடைத்தெருவில் ஒரு தெலுங்குக்காரரிடம் கேட்டுக் கேட்டு வாக்கியங்களைக் கற்றுக்கொண்டு வந்தார். "அன்னம் தின்னாவா?" என்று அம்மாவிடம் கேட்பார், சாப்பிட்டாயா என்று. மாமியாரை வா போ என்று பேசுகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அம்மா அவரைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுச் சாப்பிடுவாள். அவள் சாப்பிட்டது அந்த மனிதருக்காகத்தான். நான் சமையலறைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமையாக இருக்கும். என் கணவர்மேல், என் அம்மாவுக்காக.

கடைக்கும் போய்ப் பார்த்தேன். முதலாளி நல்லவர். "நீ வாம்மா, ஒக்காந்துக்கினு பாரு, போதும்" என்றார். மாடிக்கு ஒரு சித்தூர்க் கூட்டம் வந்தது. ஒரு பெண்மணி என்னைத் தெரிந்தவராம், ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அடுத்த வாரத்திலிருந்து கீழே புடவை மடித்து அட்டைப்பெட்டியில் வைக்கிற வேலைக்கு மாறிக்கொண்டேன். இடது கையால் மடித்தால் மடிப்பு சரியாக விழாது.

என்னைப் பார்ப்பவர்கள், "பேச்செல்லாம் நல்லா வந்துடுச்சே, கடவுள் கண்ணத் தொறந்தாரு" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் சீட்டில் பேச்சு இயல்பு என்றுதான் எழுதுகிறார்கள். தெரியாமல் எழுதவில்லை. அவர்கள் சோதிக்கிற மொழியில் அது இயல்புதான். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், மருத்துவமனையில் முதலிலேயே சொல்லுங்கள், எங்கள் வீட்டில் என்னென்ன பாஷை பேசுவோம், யாரோடு எதைப் பேசுவோம் என்று. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு ஏதாவது மாறியிருக்குமா, தெரியாது. எதையாவது சொல்லிவைக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஒரே ஒரு தடவை கனவில் வந்தது. அம்மா எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்து எதையோ சொல்லிச் சிரிக்கிறாள், நானும் பதில் சொல்கிறேன், தெலுங்கில், தடையில்லாமல். விழித்ததும் முருகேசனை எழுப்பினேன். "வந்துடுச்சிங்க, வந்துடுச்சி." "சொல்லு, சொல்லு" என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை.

மாசிக்கு அப்புறம் அம்மா படுத்துவிட்டாள். கஞ்சி மட்டும்தான் இறங்கியது. பத்மாக்கா ஆரணியிலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். அதற்குப் பாஷை வேண்டியதில்லை. வலது கை ஒத்துழைக்காவிட்டாலும் அம்மாவின் உடம்பை எப்படித் தூக்க வேண்டும் என்று என் தோளுக்குத் தெரிந்திருந்தது. அவளும் என்னிடம் பழகிவிட்டாள். என் கை பட்டால் முகம் சுளிக்க மாட்டாள். சம்பளத்துக்கு வைத்த ஆள் என்று நினைத்தாள், அவ்வளவுதான். பத்மாக்கா பலமுறை சொன்னாள், இதுதான் உன் லலிதா என்று. அம்மா அவளை ஏதோ குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

ஒரு சாயங்காலம் முதுகைத் துடைத்துவிட்டு அவளைச் சாய்த்து உட்காரவைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். அவ்வளவு நிதானமாக அவள் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி பேசினாள். அம்மா என்ற சொல் இரண்டு மூன்று தடவை வந்தது. என் கன்னத்தைத் தொட்டு, விரலைத் தன் நெற்றியில் வைத்துத் திருஷ்டிச் சொடக்குப் போட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியாக என்னை அடையாளம் கண்டுவிட்டாள்.

பத்மாக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

"அக்கா, இன்னா சொல்லுது?"

"ஒண்ணுமில்லடி."

"சொல்லுக்கா."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ ரொம்ப நல்ல பொண்ணாம். பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கினியாம். பொழுது சாஞ்சிடுச்சி, உங்க அம்மா உன்னத் தேடிக்கினு இருப்பா, நீ வீட்டுக்குப் போம்மான்னு சொல்லுது. என் பொண்ணு இப்ப வந்துடுவா, இனிமே அவ பாத்துக்குவான்னு சொல்லுது."

அம்மா என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"சரின்னு சொல்லுக்கா" என்றேன்.

பத்மாக்கா தெலுங்கில் சொன்னாள். அம்மா திருப்தியாகத் தலையை ஆட்டி என் மணிக்கட்டை விட்டாள். நான் எழுந்தேன். அம்மா யாரிடமும் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அந்தச் சாயங்காலம் நான் அறையைத் தாண்டிப் போக முடியாமல் வாசற்படியில் நின்றுவிட்டேன். அம்மா மகள் வருகிறாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறைக்கிறேன் என்று கையை அசைத்து என்னை ஓரமாக நகரச் சொன்னாள். நகர்ந்தேன்.